ஆறாத தேநீர்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலைக் குளிர் கடுமையானது. வேலைக்குப் புறப்படும்முன் ஊற்றிவைத்த தேநீரைச் சிறிது நேரம் மறந்தால் போதும், ஆறிவிடும். மூன்று மணி நேரம் கழித்தும் அதில் ஆவி பறந்தால் என்ன நினைப்போம்? யாரோ அதைச் சூடேற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்றுதானே! சூரியனைக் குறித்தும் அறிவியலாளர்கள் இப்படித்தான் எண்ணினர்.

சூரியனின் வளிமண்டலத்தில் காந்தப்புலக் கோடுகள் முறுக்கேறி, அறுபட்டு, மீண்டும் இணையும்போது பேராற்றல் வெளிப்படுகிறது. இதுவே சூரியத் தீப்பிழம்பு. அவ்வாற்றல் எலக்ட்ரான்களை முடுக்கிவிடுகிறது. ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கையும் அதற்கு மேலும் எட்டும் எலக்ட்ரான்கள், கீழேயுள்ள அடர்ந்த அடுக்கில் மோதுகின்றன. மோதும்போது ஆற்றல் மிகுந்த வன் எக்ஸ் கதிர்கள் பிறக்கின்றன. அந்த மோதலால் சூடேறிய பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயு, 10 மில்லியன் பாகை செல்சியசையும் தாண்டும். அது மேலெழுந்து காந்த வளைவுகளை நிரப்பி, மென் எக்ஸ் கதிர்களை வீசுகிறது. வன் கதிர் அடுப்பின் தீ என்றால், மென் கதிர் தேநீரின் ஆவி.

சில தீப்பிழம்புகள் சில நிமிடங்களில் அடங்கிவிடும். வேறு சிலவோ பல மணி நேரம் ஒளிரும். கணக்கிட்டுப் பார்த்தால், அந்தப் பிளாஸ்மா எப்போதோ ஆறியிருக்க வேண்டும். ஆகவே, உச்சம் கடந்த பின்னும் அடுப்பு எரிகிறது. காந்தக் கோடுகள் இன்னும் இணைந்துகொண்டிருக்கின்றன. அந்தச் சூட்டில் எலக்ட்ரான்களின் பங்கு எவ்வளவு? இருவகைக் கதிர்களையும் ஒரே வேளையில் அளந்தால்தான் சொல்ல முடியும்.

எவ்வளவு உயரமான மலையில் ஏறினாலும் இக்கதிர்கள் நமக்கு எட்டா. பூமியின் வளிமண்டலம் அவற்றை உறிஞ்சிவிடும். எனவே, கருவிகள் விண்ணுக்குச் செல்ல வேண்டும். இந்தியா 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவிய ஆதித்யா எல்-1 விண்கலம், பூமியிலிருந்து 1.5 மில்லியன் கிலோமீட்டர் தொலைவில் இருந்து சூரியனைக் கண்காணிக்கிறது. அதிலுள்ள சோலெக்ஸ் கருவி மென் கதிர்களையும், ஹெலியோஸ் கருவி வன் கதிர்களையும் அளக்கின்றன. அது ஏவப்பட்டபோது அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர், தமிழ்நாட்டின் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி.

வளிமண்டலம் கதிர்களை உறிஞ்சிவிடுவதால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். உறிஞ்சும்போது அதன் மேலடுக்கு மாற்றமடைந்து, சிற்றலை வானொலி அலைகளை விழுங்கத் தொடங்கும். சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கும் இடங்களில் இப்பாதிப்பு அதிகம். நிலநடுக்கோட்டை ஒட்டிய மலேசியாவில் அது நண்பகல். அவ்வேளையில் தென்சீனக் கடலில் சிற்றலையை நம்பிச் செல்லும் கப்பல், மறுமுனையின் குரலுக்காகப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டுமா, பல மணி நேரம் காத்திருக்க வேண்டுமா என்பது அந்த அடுப்பு எவ்வளவு நேரம் எரிகிறது என்பதைப் பொறுத்தது.