காட்டுத் தீ அபாயத்தை மதிப்பிடும் முறை

மழை பொய்க்கும் பிரதேசங்களில் காட்டை அடுத்துள்ள வீடுகளுக்கு நேரக்கூடிய தீ அபாயத்தை முன்கூட்டியே மதிப்பிடுதல் அவசியமாகும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம் இதற்குத் தக்க உதாரணம். பல வருஷ அனாவிருஷ்டிக்குப்பின் 2009-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 7-ந் தேதி அங்கு மூண்ட தீயில் 173 பேர் மாண்டனர். அவர்களுள் 113 பேர் வீடுகளுக்குள்ளேயே இறந்தனர். 2,000-க்கு மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின.

அந்நாட்டு விதிகளின்படி, வீட்டைச் சுற்றி 100 மீட்டர் தூரம்வரை மூன்று அம்சங்கள் கவனிக்கப்படுகின்றன. முதலாவது, தாவர வகை: அடர்ந்த மரக்காட்டுத் தீயின் உஷ்ணம் புல்வெளித் தீயினுடையதைவிட மிக அதிகம். இரண்டாவது, அத்தாவரங்களுக்கும் வீட்டிற்கும் இடையேயுள்ள தூரம். மூன்றாவது, நிலத்தின் சாய்வு: தீ மேட்டை நோக்கி விரைந்து ஏறும், சாய்வு 10 டிகிரி கூடுந்தோறும் அதன் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும். ஆதலின், கீழே காடும் உச்சியில் வீடுமாக அமைந்த இடமே மிகக் கொடியது. இவற்றைக்கொண்டு மனையிடங்கள் ஆறு தரங்களாக வகுக்கப்பட்டு, அத்தரத்திற்கேற்பக் கட்டட விதிகள் ஏற்படுகின்றன.

ஆயினும் வீடுகளிற் பெரும்பாலானவை காற்றில் பறந்துவரும் தீப்பொறிகளாலேயே பற்றுகின்றன. கூரையின் இடுக்குகள், நீர் வடியும் தகரக் குழாய்களில் தங்கிய சருகுகள், சுவரோரம் அடுக்கிய விறகு ஆகியவை அப்பொறிகளுக்கு இடங்கொடுப்பவை. கோடை தொடங்குமுன் இடுக்குகளை அடைத்து, சருகையும் விறகையும் அகற்றி, புல்லைக் குட்டையாக வெட்டுவித்தல் வேண்டும். இவையனைத்தும் செய்யப்பட்டிருப்பினும், வெப்பமும் காற்றும் மிகக் கடுமையாயுள்ள நாளில் தீ காணுமுன்பே வெளியேறுதலே உசிதம்.