நூல் பிடித்துச் சக்கரத்தை நேராக்கும் முறை

கட்டை வண்டி ஓட்டியவர் யாவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. அச்சு கோணலாக அமைந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மாட்டின் கழுத்து புண்ணாகும். மோட்டார் சைக்கிளுக்கும் இவ்விதி பொருந்தும். மாடு தன் குறையைக் கழுத்துப் புண்ணால் காட்டிவிடும். மோட்டார் சைக்கிளோ செயினும் டயரும் தேய்ந்த பின்னரே காட்டும்.

நமது ஒன்றியத்தில் பால் கேன்களுடன் சென்ற விவசாயி ஒருவரின் வண்டியில், செயின் பற்சக்கரத்தை விட்டு நழுவிப் பின்சக்கரம் இறுகி நின்றுவிட்டது. அவர் சிராய்ப்புடன் தப்பினார். நாம் பார்த்தபோது அச்சின் ஒரு முனை மற்றதைவிடக் கால் அங்குலம் பின்தள்ளியிருந்தது. பஞ்சர் ஒட்டியபின் சக்கரத்தை மாட்டுகையில் நேர்ந்த சிறு பிழையே இதற்குக் காரணம்.

இராயபுரத்திற்கு வடக்கே கடலோரமாக உள்ளது திருவொற்றியூர். 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சென்னை மதராஸ் மோட்டார்ஸும் கூடி என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டியே புல்லட் வண்டிகள் உருவாயின. பின்னர் உறுப்புகளும் இந்நாட்டிலேயே செய்யப்பட்டன. கம்பிச் சக்கரம் கொண்ட அவ்வண்டியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலாவது, பெண்டு எடுத்தல். சக்கரமே கோணியிருப்பின் நூல் பிடித்துப் பயனில்லை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் தரையில் படாமல் சுழலுமாறு செய்க. ரிம்மை ஒட்டினாற்போல் ஒரு கம்பித் துண்டை வண்டிச் சட்டத்தில் கட்டிச் சக்கரத்தை மெல்லச் சுழற்றுக. ரிம் இடப்புறம் சாயும் இடத்தில், குடத்தின் இடப்புறத்திலிருந்து வரும் கம்பிகளின் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்தி, வலப்புறக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்குக. வலப்புறம் சாய்ந்தால் மாற்றிச் செய்க. ரிம் மேலெழும் இடத்தில் இருபுறக் கம்பிகளையும் சமமாக இறுக்குக. அதற்கு நேரெதிரே உள்ளவற்றைத் தளர்த்துக. ஒரே முறையில் அதிகம் திருகலாகாது. முடிவில் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பார்க்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. அதிகம் திருக நேர்ந்தால் டயரைக் கழற்றி, வெளியே நீண்ட கம்பி முனைகளை அராவிவிடுக. இன்றேல் அவை டியூபைக் குத்தும். வார்ப்புச் சக்கரங்களுக்கு இம்முறை பொருந்தாது. அடுத்த முறை அவற்றுக்கும் பொருந்தும்.

இரண்டாவது, நூல் பிடித்தல். கொத்தனார் நூல் ஒன்றைப் பின் டயரின் பின்புறமாகச் சுற்றி, இரு முனைகளையும் முன் சக்கரத்தைத் தாண்டி இழுத்துப் பிடிக்கவும். ஸ்டாண்டில் தட்டாத உயரத்தில், இருபுறமும் பின் டயரின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் நூல் சற்றே தொடுமாறு அமைக்க. ஹேண்டில்பாரை நேராக வைத்துக்கொண்டு, முன் டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளக்கவும். இரண்டும் சமமாயின் சக்கரங்கள் நேராக உள்ளன. சமமில்லையெனில், இடைவெளி குறைந்த பக்கத்து அச்சு முனை பின்னுக்குச் செல்ல வேண்டும். அல்லது மறுமுனை முன்னுக்கு வர வேண்டும்.

புல்லட்டில் செயின் இடப்புறம் உள்ளது. ஆகவே செயினின் தொய்வை முதலில் சரிசெய்து, பின்பு வலப்புற முனையை மட்டும் நகர்த்திச் சக்கரத்தை நேராக்குவது எளிது. தொய்வின் அளவை வண்டியின் குறிப்பேட்டில் காண்க. அச்சின் இருமுனைகளிலும் உள்ள கேம் பற்களின் எண்ணிக்கை ஒத்திருந்தாலும், நூல் கூறுவதையே இறுதியாகக் கொள்க.

அச்சு நட்டை நன்கு இறுக்கியபின் செயின் தொய்வையும் பின் பிரேக்கையும் மீண்டும் சோதிக்க மறவற்க. அச்சு நகர்ந்தால் பிரேக்கின் அமைப்பும் மாறும். பிறகு ஆளில்லாச் சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்க்க.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நிப்பிள் ஸ்பானரும் ஒரு கண்டு நூலும் இருக்கட்டும். கற்ற ஒருவர் மற்றவர்க்குக் காட்டட்டும். பஞ்சர் ஒட்டிய ஒவ்வொரு முறையும் நூல் பிடித்துப் பார்க்கும் வழக்கம் ஊரில் நிலைக்குமாயின், பாலுடன் புறப்பட்டவர் பத்திரமாக வீடு திரும்புவார்.