படுத்தே இருந்தால் தசை கரையும்

டிங்கிக் காய்ச்சலுக்காக ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பும் தாத்தா, நாற்காலியிலிருந்து எழக் கைத்தாங்கல் கேட்கிறார். காய்ச்சல் போய்விட்டது, கால்களில் வலு இல்லை. ஏன்? மாணவர்களே, இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

தசையின் வரவு செலவு

தசையில் உள்ள புரதம் நாள்தோறும் சிதைகிறது. புதிதாக உருவாகவும் செய்கிறது. இரண்டும் சமமாக இருந்தால் தசையின் அளவு மாறாது. நடக்கும்போதும் பளு தூக்கும்போதும் தசைநார்கள் இழுபடுகின்றன. அந்த இழுவிசைதான் ‘புரதம் உருவாக்கு’ என்று தசைச் செல்களுக்குக் கிடைக்கும் கட்டளை. படுத்தே கிடந்தால் கட்டளை குறைகிறது. செலவு வரவை மிஞ்சுகிறது.

2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் 10 நாள் படுக்கையில் இருந்தனர். அவர்களின் கால்களில் மட்டும் சுமார் 1 கிலோ தசை குறைந்தது. தசைப்புரத உற்பத்தி சுமார் 30 விழுக்காடு சரிந்தது. வழக்கமான பரிந்துரையின்படி புரதம் உண்டும் இந்த நிலை!

அதே 2007இல் மலேசியாவின் ஷேக் முஸாபார் சுக்கோர் சென்ற அனைத்துலக விண்வெளி நிலையத்திலும் இதே சிக்கல்தான். அங்கே உடல் எடையைக் கால்கள் தாங்க வேண்டியதில்லை. அதனால், மாதக்கணக்கில் தங்கும் வீரர்கள் நாளுக்குச் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

படுக்கையில் இருப்பவர் பாதத்தை மேலும் கீழும் அசைக்கலாம். தொடைத் தசையை 5 விநாடி இறுக்கித் தளர்த்தலாம். எழ முடிந்ததும், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி மிகவும் நல்லது. எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை என்றால் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

அடுத்தது உணவு. முதியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று நிபுணர்கள் பரிந்துரைக்கின்றனர். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் டெம்பேயில் சுமார் 19 கிராம் உள்ளது. மீன், கோழி, பருப்பு, தயிரும் உதவும். வெறும் கஞ்சியும் ரொட்டியும் போதாது. புரதத்தை மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுப்பது நல்லது. சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவை மீறக்கூடாது.

புரதம் செங்கல் என்றால், பயிற்சி கொத்தனார். ஒன்று இல்லாமல் மற்றொன்றால் சுவர் எழாது.

செய்து பாருங்கள்

கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என எண்ணுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் செய்யச் சொல்லி, விழாதபடி அருகில் நில்லுங்கள். எண்ணிக்கையைக் குறித்துவைத்து, மாதம் ஒருமுறை ஒப்பிடுங்கள். எண்ணிக்கை குறைந்தால், கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.