முயற்சியும் முயற்சிமேற் பற்றும்

ஒருவர் தாம் தொடங்கிய கருமத்தை நேசித்தல் இயல்பு. ஆசிரியர் ஒருவர் மாலை வகுப்பொன்று தொடங்குகின்றார். மற்றொருவர் பாடசாலை வளவிலே தோட்டம் வைக்கின்றார். வேறொருவர் வாசிகசாலைக்குப் புத்தகம் சேர்க்கின்றார். அக்கருமம் சித்திபெறாதவழி உண்டாகும் துக்கம், இழந்த பொருளளவில் நில்லாது, தம்மையே இழந்தாற்போலப் பெருகுகின்றது. அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் ஈண்டு ஆராய்வாம்.

கருமத்தின்மேற் செல்லும் அன்பு இருவகைத்து. ஒன்று, அதனால் விளையும் பயனை நோக்கியது. மற்றது, “இஃது என்னுடையது” என்பதனை நோக்கியது. முன்னையது, “பிள்ளைகள் கற்றனரா?” என வினாவும், பின்னையது, “என் வகுப்பு நிலைத்ததா?” என வினாவும். யான், எனது என்னும் செருக்கு ஆணவத்தின் காரியம் என நம் சாத்திரங்கள் கூறுவது இதனையே. கருமம் செழிக்குங்காலத்து இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். அது தளருங்காலத்தே வேறாய்ப் பிரியும்.

பற்று மிக்கவழி நிகழும் கேட்டுக்குப் பனாமாக் கால்வாய் சான்றாகும். சுயசுக் கால்வாயை 1869ஆம் ஆண்டில் முற்றுவித்துப் பெரும்புகழ் பெற்ற இலெசெப்சு என்னும் பிராஞ்சியர், பனாமாவிலும் அதுபோலவே கடல்மட்டத்திற் கால்வாய் வெட்டுதல் வேண்டும் என்று சாதித்தார். சுயசு மணற்பூமி, பனாமாவோ மலையும், பெருமழையும், வெள்ளம் பெருகும் ஆறும் உடையது. கப்பல்களைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் மதகுகளே தக்கன என்று வல்லுநர் சிலர் 1879ஆம் ஆண்டிலேயே கூறியும், 1887ஆம் ஆண்டுவரை அவர் இணங்கினாரல்லர். 1889இலே கம்பனி முறிந்தது. காய்ச்சலாலும் விபத்தாலும் மாண்டோர் 20,000 பேர்க்கு மேற்படுவர் என மதிப்பிடுவர். பின்னர் அமெரிக்கர் மதகுகள் அமைத்து 1914இல் அதனை முடித்தனர். முதல் வெற்றியின்மேல் வைத்த பற்றே இரண்டாம் முயற்சிக்குப் பகையாயிற்று.

இனி, நம் நாட்டிலே நிகழ்ந்த பிறிதொன்றை நோக்குக. ஆறுமுகநாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். ஆங்கிலம் கற்க விரும்பும் சைவச் சிறாரும் தஞ்சமயச் சூழலிலேயே கற்றற்பொருட்டு, 1872இலே சைவாங்கில வித்தியாசாலை ஒன்றையும் தொடங்கினார். அது பொருண்முட்டுப்பாட்டால் நான்காண்டளவில் நின்றுபோயிற்று. பஞ்சமும் பேதிநோயும் யாழ்ப்பாணத்தை வருத்திய அக்காலத்தை அடுத்து, அவர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி ஏழைகளின் பசி தீர்த்தார். 1879இலே அவர் சிவபதமடைந்தார். சைவ பரிபாலன சபை 1888இலே தோன்றியது; 1890இல் வண்ணார்பண்ணையிலே இந்துக்கல்லூரி நிலைபெற்றது. நின்றது ஒரு பள்ளி. நில்லாது தொடர்ந்தது அப்பள்ளி தோன்றற்குக் காரணமான நோக்கம். அந்நோக்கம் பிறர் கையிலே நிறைவேறியமை நாவலர்க்கு இழுக்காகுமோ? ஆகாது.

அற்றேல், இடையூறு வந்தவுடன் விடுதல் சோம்பலாகாதோ எனின், கூறுதும். விடுதற்குமுன் மூன்று வினாக்களை ஆராய்க. வேண்டும் காலமும் உழைப்பும் கொடுத்தோமா? முறையை மாற்றிப் பார்த்தோமா? இன்னும் நடத்துவதாற் பிள்ளைகளுக்கு நன்மை உண்டா, அன்றி நம் பெயர்க்கு மட்டுமே நன்மையா? முதலிரண்டுக்கும் ஆம் என்றும், மூன்றாவதற்கு நம் பெயர்க்கே என்றும் விடை வருமாயின், விடுதலே அறிவுடைமை. வகுப்பின் பெயரைக் காத்தற்பொருட்டு, வரமாட்டாத பிள்ளைகளை வருத்தி அழைப்பது கல்வித்தொண்டாகாது.

விடுமிடத்தும் முறையுண்டு. பழியைச் சகவாசிரியர்மேலும் பெற்றார்மேலும் ஏற்றாதொழிக. செய்தவற்றையும் தடைகளையும் மறையாது எழுதிவைக்க. சேர்ந்த நூல்களையும் கருவிகளையும் பயன்படுத்த வல்லார்க்குக் கொடுக்க. பிராஞ்சியர் வெட்டிவிட்ட நிலத்தில் ஒரு பகுதி அமெரிக்கர்க்கு உதவிற்று என்பதனை நினைக்க. துக்கம் தோன்றுவதும் குற்றமன்று; உழைத்தவர்க்கே அது தோன்றும். அதனைச் சிலநாள் பொறுத்துப் பின் அடுத்த கருமத்திற் புகுக.

நம் மாணாக்கர் பாடத்தை மட்டுமன்று, நாம் தோல்வியைத் தாங்கும் வகையையும் பார்த்துக் கற்கின்றனர். நட்ட செடி பட்டுப்போனபோது, “அடுத்த மாரிக்கு வேறு விதை இடுவோம்” என்று முகமலர்ந்து கூறும் ஆசிரியர், புத்தகத்தில் இல்லாத பாடமொன்றைக் கற்பித்தவராவர். முயற்சி நம்முடையது, பயன் திருவருளின் வழியது. இதனை உணர்ந்து ஒழுகுவோமாக.