மின்னஞ்சல் அனுப்பும் நிரலை அமைக்கும் முறை

பாலக்காட்டு மாவட்டத்து வடகரப்பதியில் தமிழர் பலர் வாழ்கின்றனர். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர் தமிழிலேயே எழுதலாம். விடையும் தமிழில் அமைதல் வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின் ஏற்பாடு.

அத்தகைய பகுதிக்கு இணையவழி விண்ணப்பச் செயலி ஒன்றை ஆக்குவதாகக் கொள்வோம். வரி, சான்றிதழ், உதவித்தொகை ஆகிய ஒவ்வொரு பகுதியினுள்ளும் மடல் அனுப்பும் கட்டளைகளைத் தனித்தனியே எழுதிவிட்டால், மடலின் மொழியை மாற்ற நேருங்கால் அத்தனை இடங்களையும் திருத்த வேண்டும். ஓரிடமாவது விடுபட்டுப் போகும். அங்கு விண்ணப்பித்தவர் தாம் அறியாத மொழியில் விடை பெறுவார்.

ஆகவே அப்பணியைத் தனிப் பிரிவொன்றிடம் ஒப்படைத்தல் வேண்டும். யாருக்கு, எச்செய்தி, எம்மொழியில் என்பதை மட்டும் ஏனைய பகுதிகள் அதற்கு அறிவிக்கும். மடலின் வாசகங்கள் நிரலுக்குப் புறம்பே, மொழிவாரியான கோப்புகளில் இருக்கும். நிரல் அறியாத தமிழாசிரியரும் அவற்றைத் திருத்தலாம்; பிழையற்ற தமிழுக்கு இதுவே வழி.

1982இல் வகுக்கப்பெற்ற அஞ்சல் நெறிமுறை ஆங்கில எழுத்துகளையே கருத்திற் கொண்டது. மடலின் தலைப்பு வரியில் தமிழை இடுவதற்கு 1992இல் குறியேற்ற முறை வகுக்கப்பட்டது. அதனைக் கையாள்வதும் இப்பிரிவின் வேலையே.

மடலை உடனே அனுப்பாது வரிசையில் இடுதல் நலம்; விண்ணப்பித்தவர் காத்திருக்க வேண்டுவதில்லை. அஞ்சற் கணிப்பொறியின் மறுமொழி எண் 4இல் தொடங்கினால் சிறிது நேரங்கழித்து மீண்டும் முயலலாம். 5இல் தொடங்கினால் முயன்று பயனில்லை. அம்மடலை அலுவலரின் பார்வைக்கு வைத்து, விடையைக் கடிதமாக அனுப்புதல் வேண்டும்.