சேற்றுக்கும் தூரத்துக்கும் பிறந்த விமானங்கள்



விமானம் என்றாலே நாம எல்லாரும் அண்ணாந்துதான் பார்ப்போம். நான் உங்களைத் தரையைப் பார்க்கச் சொல்கிறேன். சோவியத் காலத்து விமானங்களைப் புரிந்துகொள்ள அதுதான் சுலபமான வழி.

எனக்கு அந்த விமானங்கள் என்றால் கொள்ளைப் பிரியம். ஆனால் படத்தைக் காட்டினால், "இதென்னடா, லாரி மாதிரி முரட்டுத்தனமா இருக்கு?" என்றுதான் பலர் கேட்கிறார்கள். அந்த முரட்டுத்தனத்துக்குக் காரணம் உண்டு.

சோவியத் யூனியனின் பரப்பு சுமார் 2 கோடியே 24 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் இந்தியாவைப் போல ஏறக்குறைய 7 மடங்கு! சைபீரியாவில் பல ஊர்களுக்கு ரோடே கிடையாது. குளிர்காலம் முழுக்கப் பனி. பனி உருகினால் முழங்கால் அளவு சேறு. அந்தச் சேற்றுக் காலத்துக்கு ‘ரஸ்புத்தித்ஸா’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் கான்கிரீட் ஓடுதளம் போட முடியுமா? முடியாது. அதனால் ஓடுதளத்தை மாற்றாமல், விமானத்தை மாற்றினார்கள். எப்படி என்று நான்கு உதாரணம் பார்ப்போம்.

1. அன்டோனோவ் ஆன்-2

முதன்முதலில் பறந்தது 1947-ல். ஜெட் விமானங்கள் வந்துவிட்ட காலத்தில், மேலே ஒன்று கீழே ஒன்று என இரட்டை இறக்கை வைத்துச் செய்தார் ஒலெக் அன்டோனோவ். "பழைய மாடல்!" என்று தோன்றும். ஆனால் இறக்கைப் பரப்பு அதிகமானால் மெதுவாகப் போகும்போதும் தூக்குவிசை கிடைக்கும். வேகம் குறைந்தால் மேல் இறக்கையின் முன் விளிம்பில் உள்ள பட்டைகள் தானாகவே திறந்துகொள்ளும். நம் விளையாட்டு விழாவின் 200 மீட்டர் ஓட்டத் தூரம் போதும், கிளம்பிவிடும். பெட்ரோல் லாரி வராத ஊரில், பீப்பாயிலிருந்து எரிபொருளை உறிஞ்ச பம்பும் விமானத்திலேயே உண்டு. 18,000-க்கும் மேல் தயாரித்தார்கள்.

இதற்குக் கொடுத்த விலை: 1,000 குதிரைத்திறன் இன்ஜின் இருந்தும் 12 பயணிகள்தான். வேகம் மணிக்குச் சுமார் 180 கி.மீ.தான்.

2. இல்யூஷின் இல்-76

1971-ல் முதலில் பறந்த நான்கு இன்ஜின் சரக்கு விமானம். இதன் சக்கரங்களை எண்ணிப் பாருங்கள். மொத்தம் 20! அறிவியல் பாடத்தில் படித்தோமே, அழுத்தம் = விசை ÷ பரப்பு. எடை அதேதான், தரையைத் தொடும் பரப்பு கூடினால் அழுத்தம் குறையும், மண்ணில் புதையாது. வயலில் இறங்கும் டிராக்டருக்கு அகலமான டயர் போடுவதும் இதனால்தான். டயரின் காற்றழுத்தத்தைப் பறக்கும்போதே கூட்டிக் குறைக்கவும் முடியும். நம் விமானப்படையில் 1985-ல் சேர்ந்தபோது இதற்கு வைத்த பெயர் ‘கஜராஜ்’. பொருத்தமான பெயர்தானே?

விலை: இத்தனை சக்கரங்களையும் அவற்றைத் தாங்கும் இரும்பையும் ஒவ்வொரு பயணத்திலும் சுமந்தாக வேண்டும்.

3. மிக்-29

1977-ல் முதலில் பறந்த போர் விமானம். ஜெட் இன்ஜினுக்குள் ஒரு சின்னக் கல் போனாலும் ஆபத்து. அதனால் தரையில் ஓடும்போது இன்ஜினின் முன்வாசலைக் கதவு மூடிக்கொள்ளும். அப்போ காற்று? இறக்கையின் மேல்பக்கத் திறப்புகள் வழியாக வரும். மூக்குச் சக்கரத்துக்கு, நம்ம சைக்கிளுக்கு இருப்பது போல, மட்கார்டு கூட உண்டு! ரஷ்யாவுக்கு வெளியே இதை முதலில் வாங்கிய நாடு இந்தியா. நம் விமானப்படையில் 1987-ல் சேர்ந்தது.

விலை: மேல்திறப்புகள் அடைத்த இடத்தில் எரிபொருள் வைத்திருக்கலாம். பின்னால் வந்த மிக்-29கே வகையில் அவற்றை எடுத்துவிட்டு அப்படித்தான் செய்தார்கள்.

4. துப்பொலெவ் து-95

இங்கே பிரச்சினை சேறு இல்லை, தூரம். 1950-களின் ஜெட் இன்ஜின்கள் எரிபொருளைக் குடித்துத் தீர்த்தன. அதனால் துப்பொலெவ் குழுவினர் டர்போபிராப் இன்ஜினைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 15,000 குதிரைத்திறன். ஒரே இன்ஜினில் இரண்டு விசிறிகள் எதிரெதிர்த் திசையில் சுழலும். விசிறி விமானம்தான், ஆனாலும் மணிக்கு 900 கி.மீ. வரை போகும்! இதன் கடற்படை வகையான து-142, நம்ம அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து பறந்து கடலைக் கண்காணித்தது. 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றது.

விலை: காதைப் பிளக்கும் சத்தம். அது மட்டுமில்லை. இந்த விமானம் அணுகுண்டு சுமக்கத்தான் பிறந்தது. 1961 அக்டோபர் 30-ல், உலகில் இதுவரை வெடித்ததிலேயே பெரிய அணுகுண்டை ஒரு து-95தான் போட்டது. பிரியமான விமானம் என்பதற்காக இதை நான் மறைக்க மாட்டேன். அதே மாதிரி இறக்கை, அதே வகை இன்ஜின் வைத்துச் செய்த து-114, 1957-ல் பறந்தது. அது பயணிகளைத்தான் சுமந்தது, மாஸ்கோவிலிருந்து கியூபா வரைக்கும்! எஞ்சினியரிங் ஒன்றுதான், எதை ஏற்றுவது என்பது மனிதன் எடுக்கும் முடிவு.

நண்பர்களே, ஒரு இயந்திரத்தைப் பார்த்ததும் "அழகா இருக்கா? வேகமா போகுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தக் கஷ்டத்தைத் தீர்க்க இதைச் செய்தார்கள்? அதற்காக எதை விட்டுக்கொடுத்தார்கள்? யாருக்குப் பயன்பட்டது? இந்த மூன்றையும் கேட்டால் லாரி மாதிரி இருக்கும் விமானமும் உங்களோடு பேசும். நம் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகளிலிருந்தே ஆரம்பிக்கலாம். மட்கார்டு எதற்கு என்றுதான் இப்போ தெரிந்துவிட்டதே!

– 10-ஆம் வகுப்பு மாணவன்