கோதுமை ஆகாதவருக்குக் குறைவற்ற அமுது

சித்திரைத் திங்களில் கள்ளழகர் வைகைக்கு எழுந்தருளும் வேளையில் செல்லூர், ஆழ்வார்புரம், தல்லாகுளம் ஆகிய வடகரைப் பகுதிகளில் சர்க்கரைச் செம்பு ஏந்தாத கைகளைக் காண்பது அரிது. செம்பு நிறையச் சர்க்கரை இட்டு, வாயை வாழையிலையால் மூடி, மலர் சுற்றி, மேலே சூடம் ஏற்றி அழகருக்குக் காட்டுவர். பின்னர் அச்சர்க்கரையைப் பொரிகடலையுடன் கலந்து அண்டை அயலாருக்கு வழங்குவர். இரவெல்லாம் கண்விழித்து, எதிர்சேவை கண்டு, விடியலில் ஆற்று மணலில் நெருக்குண்டு நின்ற உடலுக்கு ஒரு கைப்பிடிப் பொரிகடலையும் சர்க்கரையும் எத்துணை ஊக்கம் தரும் என்பதை உண்டவர் அறிவர். நூறு கிராம் பொரிகடலையில் ஏறத்தாழ 370 கலோரி ஆற்றல் உண்டு. சர்க்கரையில் 400க்குச் சற்றுக் குறைவு. உண்ணும் உணவு உடலில் எரிந்து தரும் ஆற்றலை அளக்கும் அளவையே கலோரி என்பதாகும்.

திருவிழாவுக்கு வரும் பல இலட்சம் அன்பர்களிடையே, கோதுமையைத் தொட்டால் உடல் நலியும் சிலரும் இருக்கவே செய்வர். இவர்களுக்கு உள்ள நோயை மருத்துவர்கள் சீலியாக் நோய் என்பர். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் பசைத்தன்மையுள்ள புரதம் உள்ளது. சப்பாத்தி மாவு இழுத்தால் நீள்வதும், பரோட்டா மாவு விசிறினால் துணிபோல் விரிவதும் இதனாலேயே. இந்நோய் உடையவர் அப்புரதத்தை உண்டால், அவருடைய உடலின் காப்பு ஆற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கத் தொடங்கும். உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகும். அதன்பின் எவ்வளவு உண்டாலும் சத்து உடலில் சேராது. வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், இரத்தசோகை, எடைக்குறைவு, குழந்தைகளுக்கு வளர்ச்சி குன்றல் ஆகியன தொடரும்.

இந்நோய்க்குக் கோதுமையே காரணம் என்பதை நிறுவியவர் ஹாலந்து தேசத்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே என்பவர். 1950இல் அவர் அளித்த ஆய்வேடு இதற்கு அடிப்படையாயிற்று. அதற்கு முன்னர், 1924இல், அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ் இத்தகைய குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவைக் கொடுத்துத் தேற்றினார். வாழைப்பழத்தில் ஏதோ அரிய மருந்து இருப்பதாகவே அப்போது கருதினர். உண்மையில், பழம் உண்டபோது ரொட்டி விலகியதே அதில் பலித்த மருந்தாகும்.

நம் நாட்டில் இந்நோய் எல்லாப் பகுதிகளிலும் ஒரே அளவில் இல்லை. 2016இல் வெளியான ஆய்வொன்றில், வட இந்தியாவில் நூற்றுவருக்கு ஒருவர்க்குச் சற்று மேலாகவும், தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவராகவும் இது கணக்கிடப்பட்டது. அரிசி உண்ணும் நாட்டில் நோய் குறைவு என்பது ஆறுதலே. ஆயினும் அரிதான நோய் என்பதாலேயே, இங்கே அது விரைவில் இனங்காணப்படாமல் போவதும் உண்டு. ஐயம் எழுந்தவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடுவது சரியன்று. கோதுமை உண்டுவரும் காலத்தில் செய்யும் இரத்தப் பரிசோதனையே உண்மையைக் காட்டும். நிறுத்திப் பல நாள் சென்றபின் செய்தால் நோய் மறைந்து நிற்கும்.

நோய் உறுதியானபின் எழுவது உணவுக் கவலை. “கோதுமை கூடாது, நாமோ மரக்கறி உண்போர், எஞ்சியதை உண்டு உடல் தேறுமா?” என்று பெற்றோர் கலங்குவர். பலர் உண்மையாகவே மெலிகின்றனர். இதற்குக் காரணம் தேடுவோர், விலக்கப்பட்ட பொருளையே நோக்குகின்றனர். விலக்கிய இடத்தில் என்ன வைக்கப்பட்டது என்பதை நோக்குவதில்லை. காலை உணவில் இரண்டு சப்பாத்தி, மாலையில் பிஸ்கட், இரவில் ரவை உப்புமா என இருந்தது நீங்கி, அவ்விடத்தில் அரிசிக் கஞ்சியும் ரசஞ்சோறும் மட்டும் வந்தால், வயிறு நிறையும், உடல் நிறையாது. நீர்த்த கஞ்சி நூறு கிராமில் 35 கலோரி அளவே உண்டு. வடித்த சோற்றில் 130. அதே எடையுள்ள நல்ல சர்க்கரைப் பொங்கலில் 200 வரை உண்டு. மூன்றும் அரிசியே. வேறுபாடு நீரிலும், உடன் சேர்ந்த பருப்பிலும், வெல்லத்திலும், நெய்யிலும் உள்ளது.

இந்த இடத்தில் திருமடைப்பள்ளியின் பெருமை விளங்கும். ஆண்டாள் நாச்சியார் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு பாத்திரம் வெண்ணெயும் நூறு பாத்திரம் அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக நேர்ந்துகொண்டதையும், பின்னாளில் இராமாநுசர் அந்நேர்த்தியை நிறைவேற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றபோது நாச்சியார் அவரை அண்ணன் என அழைத்ததாகக் குருபரம்பரை கூறுவதையும் அன்பர்கள் அறிவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் அந்நாச்சியாரின் மாலையைத் தல்லாகுளத்தில் சூடியே அழகர் வைகைக்கு எழுந்தருளுகிறார். அக்காரவடிசில் என்பது அரிசியும் பாலும் வெல்லமும் நெய்யும். அதில் கோதுமை ஒரு துளியும் இல்லை. அழகர்கோயிலின் புகழ்பெற்ற தோசையும் அரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு ஆகியவற்றால் ஆனதே. வெண்பொங்கல், ததியோதனம், சுண்டல் எதை எடுத்தாலும் அடிப்படை அரிசி அல்லது பருப்பாகவே இருக்கும். ஆற்றல் செறிந்த மரக்கறி உணவு வேண்டுமென்று இன்றைய மருத்துவர் எழுதித் தரும் பட்டியலைத் திருமடைப்பள்ளி நெடுங்காலத்துக்கு முன்னரே சமைத்து வைத்திருக்கிறது எனலாம்.

கணக்கிட்டுப் பார்ப்பதும் நன்றே. நூறு கிராம் அரிசி 345 கலோரி. முப்பது கிராம் பாசிப்பருப்பு 105. நூறு கிராம் வெல்லம் 380. முப்பது கிராம் நெய் 270. ஆகச் சிறு பாத்திரப் பொங்கலில் 1100 கலோரி. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் புரதக்கூறு பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவாக உள்ளது அரிசியில் உண்டு. இவ்விரண்டும் சேரும்போது புலால் இன்றியே நல்ல புரதம் அமைகிறது.

இனிப்பையே நாள்தோறும் உண்ண இயலாது. நீரிழிவு உள்ளவர்க்கு அது ஆகவும் ஆகாது. நாள்தோறும் உண்ணும் உணவிலேயே இக்கணக்கை அமைக்க வேண்டும். நடுத்தர உழைப்புள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 2710 கலோரியும் பெண்ணுக்கு 2130 கலோரியும் வேண்டும் என ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் துணையுடன் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்தது. தறிகளுக்குப் பேர்போன செல்லூரில் நாள் முழுதும் தறியோடு உழைக்கும் ஒரு பெண்மணிக்கு இதை எப்படி நிறைவு செய்வது? காலையில் நான்கு இட்டலி, நல்லெண்ணெய் ஒரு கரண்டி விட்ட பொடியுடன்: 415. நண்பகலில் 150 கிராம் அரிசியைச் சமைத்த சோறு, துவரம்பருப்புக் குழம்பு, நெய், காய், தயிர்: 940. மாலையில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையும் சிறு துண்டு வெல்லமும் ஒரு வாழைப்பழமும்: 400. இரவில் அடை இரண்டு, எண்ணெய் விட்டுச் சுட்டது: 470. படுக்குமுன் ஒரு குவளைப் பால்: 130. மொத்தம் ஏறத்தாழ 2350. கோதுமையும் இல்லை, கடையில் விலையேறிய தனி மாவு வகைகளும் இல்லை. தமிழகத்தில் 2011 முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுவதால், அடிப்படைத் தானியத்துக்கு ஏழைக் குடும்பமும் தவிக்க வேண்டியதில்லை.

இக்கணக்கில் நிலக்கடலையின் இடம் கவனிக்கத்தக்கது. நூறு கிராமில் 560 கலோரிக்கு மேல் தரும் பொருள் அது, எள்ளும் அவ்வாறே. பசி மந்தமாக உள்ளவர், ஒரு வேளைக்கு இரண்டு உருண்டை எள்ளுருண்டையோ கடலை உருண்டையோ உண்டால், ஒரு தட்டுச் சோற்றின் ஆற்றல் சிறு இடத்தில் அடங்கும். எள்ளும் கேழ்வரகும் சுண்ணாம்புச் சத்தையும் தருவன. நோய் கண்ட புதிதில் குடல் புண்பட்டிருப்பதால் பால் சிலருக்குச் செரிக்காது. அக்காலத்தில் தயிரும் மோரும் ஏற்கும். நெய்யையும் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை. மூன்று பெருவேளையை ஐந்து சிறுவேளையாக ஆக்குவதும் பயன்தரும். குடல் ஆறச் சில மாதங்கள் ஆகும். பெரியவர்களுக்கு ஆண்டுக்கணக்கும் ஆகலாம். உடல் தேறியபின், “இனி ஒரு துண்டு ரொட்டியால் என்ன?” என்று எண்ணுவது பிழை. வலி இல்லாதபோதும் குடல் மீண்டும் புண்படும்.

மறைந்து வரும் கோதுமை வேறொரு தொல்லை. பெருங்காயம் ஒரு செடியின் பாலிலிருந்து கிடைக்கும் பிசினே. ஆயினும் கடைகளில் கூட்டுப் பெருங்காயமாக விற்பதில் மாவு கலந்திருக்கும்; அது பெரும்பாலும் கோதுமை மாவாகும். சாம்பார், ரசம், மிளகாய்ப்பொடி, புளியோதரை, ஊறுகாய் எல்லாவற்றிலும் அது நுழைகிறது. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. உறையின் மீதுள்ள எழுத்தைப் படித்து வாங்க வேண்டும். மால்ட் கலந்த பானப் பொடிகள் பார்லியிலிருந்து வருவன. கோடையில் குளிர்ச்சிக்கென்று வைக்கும் பார்லிக் கஞ்சியும் அவ்வாறே ஆகாது. கேழ்வரகையும் கம்பையும் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரைத்தால், முன்னவர் மாவு பின்னவர் பையில் சேரும். வீட்டில் அரைப்பதே உத்தமம்.

மதுரை நகரின் இரவுக் கடைகள் பரோட்டாவுக்குப் பெயர்பெற்றவை. திருவிழா இரவில் பசித்து வரும் அடியாருக்கு முதலில் கண்ணில் படுவதும் அதுவே. அருகிலேயே இட்டலிக்கடை இருப்பது இந்நகரின் பேறு. ஆவியில் வெந்த இட்டலியும் தேங்காய்ச் சட்டினியும் அச்சமின்றி உண்ணத்தக்கவை. சாம்பாரைக் கேட்டு அறிந்து கொள்ளலாம். தோசையோ எனில், பரோட்டா சுட்ட கல்லிலேயே வார்க்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ரவா தோசை, சேமியா, கேசரி, பூரி ஆகியன வெளிப்படையாகவே விலக்கத்தக்கன. வழியெங்கும் பந்தலிட்டு வழங்கும் நீர்மோரில் தாகம் தணியும். ஆற்றல் மிகக் குறைவு. பானகத்தில் வெல்லம் உள்ளதால் சற்று ஆற்றலும் கிட்டும். அழகர்கோயிலிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் நடந்து வருவோர், மடியில் அவல், பொரிகடலை, வெல்லம், நிலக்கடலை முடிந்து வருவது மிக நன்று.

விரத இரவுகளில் வேறொரு சிக்கல் உண்டு. நம் இல்லங்களில் அரிசியை ஒதுக்கி, பலகாரம் என்று கோதுமை ரவையைச் சமைக்கும் பழக்கம் உள்ளது. ஏனையோர்க்கு எளிதான அவ்விலக்கு, இந்நோய் உள்ளவர்க்குத் தலைகீழாய் முடியும். அவர்களுக்குத் தினை, சாமை, வரகு ஆகியவற்றில் செய்த உப்புமா ஏற்கும். ஏகாதசியில் தானியம் அனைத்தையும் விலக்குவோர் பாலும் பழமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தேங்காயும் வெல்லமும் கொள்ளலாம். மெலிந்த உடலினரும் வளரும் பிள்ளைகளும் முழுப் பட்டினி இருத்தல் தகாது. பெரியோர் அவர்களுக்கு விதிவிலக்கு அளித்தே வந்திருக்கின்றனர்.

பிரசாதத்தை மறுப்பதா என்னும் மனத்தடை ஒன்று எஞ்சும். சந்நிதியில் கொடுத்ததைக் கையேந்தாமல் விடுவது அபசாரம் என்று அஞ்சி, பெருங்காயம் இட்ட புளியோதரையை உண்டு பல நாள் துன்புறுவோர் உள்ளனர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. தீர்த்தமும் துளசியும் சடாரியும் எவர்க்கும் தடையில்லை. புளியோதரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உடன் வந்தவர்க்குக் கொடுக்கலாம். சர்க்கரைப் பொங்கல் கிடைத்தால் தாமே உண்ணலாம். அன்னதானப் பந்தலில் பரிமாறுவோரும், “எனக்குக் கோதுமையும் பெருங்காயமும் ஆகாது” என்று ஒருவர் சொன்னால், அதை நாவின் செருக்காகக் கொள்ளாமல், வெண்சோறும் தயிரும் ஒரு பழமும் அவர் இலையில் வைத்து அனுப்ப வேண்டும். தயிர் விடும் கரண்டி வேறொரு பாத்திரத்தில் தோயாததாக இருத்தல் அவசியம்.